பி.கே.வி.ஒய். மானியம் வரவில்லை, சான்றிதழிலும் ‘கிரீன்’ என்றே இருக்கிறது. என்ன செய்வது?

கோரையாற்றங்கரை:
வணக்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் 3 ஏக்கர், சொந்தப் பட்டா. இரண்டு வருடமாகப் பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா (பி.கே.வி.ஒய்.) என்கிற மத்திய அரசின் இயற்கை விவசாயத் திட்டக் குழுவில் இருக்கிறேன். யூரியாவைத் தொட்டதே இல்லை. தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுகிறேன், அப்புறம் ஜீவாமிர்தம், மீன் அமிலம், அவ்வளவுதான்.

சேரும்போது எக்டேருக்கு 31,000 ரூபாய் நேராகக் கணக்கில் ஏறும் என்றார்கள். இந்த வருடப் பணம் மற்றவர்களுக்கெல்லாம் வந்துவிட்டது, எனக்கு மட்டும் இல்லை. அலுவலகத்தில் கேட்டால் கம்ப்யூட்டரில் ‘சக்ஸஸ்’ என்று காட்டுகிறதாம். பாஸ்புக்கில் பத்துப் பைசா இல்லை.

சென்னைக் கடைக்காரர் ஒருவர் கருப்புக்கவுனி 20 மூட்டை கேட்டார். சான்றிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், “கிரீன் என்று போட்டிருக்கே, ஆர்கானிக் இல்லையே” என்று நிறுத்திவிட்டார். கொள்முதல் நிலையத்தில் போடலாம் என்றால் அங்கே சன்ன ரகம், பொது ரகம் என்று இரண்டே விலை. இயற்கை நெல்லுக்குத் தனி விலை கிடையாது.

போதாக்குறைக்கு மேல்வயல் பங்காளி களைக்கொல்லி அடித்துவிட்டுத் திறந்துவிடும் தண்ணீர் என் வயல் வழியாகத்தான் வடிகிறது.

வரப்போரம்:
அண்ணே, முதலில் பணம். ‘சக்ஸஸ்’ என்றால் எங்கேயோ ஏறிவிட்டது என்று அர்த்தம். ஆதார் வழி வரும் மானியம் நீங்கள் எழுதிக்கொடுத்த கணக்கு எண்ணுக்குப் போகாது. கடைசியாக எந்த வங்கிக் கணக்கில் ஆதாரை மானியத்துக்காக இணைத்தீர்களோ அங்கேதான் போகும். மை ஆதார் தளத்தில் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ பாருங்கள், வங்கியின் பெயர் வரும். எனக்கும் இப்படி ஒரு வருடம் அலைச்சல்.

31,000 என்பது பழைய கணக்கு. அப்போது மூன்று வருடத்துக்கும் சேர்த்து எக்டேருக்கு 50,000, அதில் 31,000 விவசாயிக்கு. இப்போது மொத்தமே 31,500. கணக்கில் ஏறுவது 15,000தான், அதுவும் மூன்று வருடத்துக்கு. மீதி பயிற்சி, சான்று, சந்தைப்படுத்தல் என்று போய்விடும். உங்கள் 3 ஏக்கருக்கு வருடம் சராசரியாக ஆறாயிரம் தேறும். எருக்கூலிக்கே காணாது, வேறு கதை.

முன்னாள் களப்பணி:
தம்பி, சான்றிதழில் தப்பில்லை. குழு விவசாயிகளே ஒருவர் வயலை ஒருவர் பார்த்துச் சான்று தரும் இந்த பி.ஜி.எஸ். முறையில், ரசாயனத்திலிருந்து இயற்கைக்கு மாறும் மாறுகாலம் முடியும்வரை ‘கிரீன்’தான், அதற்கப்புறம்தான் ‘ஆர்கானிக்’. அதுவரை பையில் ஆர்கானிக் என்று அச்சடிக்கக் கூடாது. வருடாவருடம் புதுப்பிக்கவும் வேண்டும். திட்டம் மூன்று வருடத்தில் முடிந்ததும் நினைவுபடுத்த ஆள் இருக்காது, பல குழுக்கள் கோட்டைவிடுவது அங்கேதான்.

சக விவசாயிகள் உங்கள் வயலைப் பார்த்து எழுதும் ஆய்வுப் படிவத்தின் நகல் உங்களிடம் இருக்கிறதா? எல்லோரும் டீக்கடையில் உட்கார்ந்து ஒரே பேனாவில் கையெழுத்துப் போட்ட படிவங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குழுவில் எவராவது யூரியா போட்டிருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். அவரை நிறுத்திவிட்டு மற்றவர்களுக்குச் சான்று தரலாம். மறைத்தால் எல்லோருக்கும் வம்பு.

தண்ணீருக்கு, மேல்வரப்பை உயர்த்தி ஓரமாகத் தனி வடிகால் வெட்டிவிடுங்கள். அந்த ஓரத்து விளைச்சலைத் தனியாக அறுத்துத் தனியாக விற்றுவிடுங்கள், நோட்டிலும் குறித்துவையுங்கள்.

கோரையாற்றங்கரை:
ஐயா, நகல் இல்லை. ஒரே பேனாதான்! சான்றே இல்லாமல் விற்க வழி உண்டா?

வரப்போரம்:
வருட விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்து, சாப்பிடுகிறவருக்கே நேராக விற்றால் உணவுப் பாதுகாப்பு விதியில் விலக்கு உண்டு. கடைக்குக் கொடுத்தால் அது பொருந்தாது. ஏற்றுமதி ஆசை இருந்தால் பி.ஜி.எஸ். போதாது, வெளிச் சான்று நிறுவனம் ஆய்வு செய்து தரும் என்.பி.ஓ.பி. சான்று வேண்டும்.

கோரையாற்றங்கரை:
பார்த்துவிட்டேன். கேஸ் மானியத்துக்காக எப்போதோ தொடங்கி மறந்துபோன கணக்கு! அதில் 5,700 சொச்சம் கிடந்தது, மினிமம் பேலன்ஸ் இல்லையென்று மீதியைப் பிடித்துவிட்டார்கள். ஆதாரை இப்போதைய கணக்குக்கு மாற்ற எழுதிக்கொடுத்திருக்கிறேன்.

கடைக்காரரிடம் மாறுகால நெல் என்று உள்ளதைச் சொன்னேன். 6 மூட்டை எடுக்கிறார், பையில் ஆர்கானிக் என்று போட மாட்டார். வருகிற ஞாயிறு குழு ஆட்கள் நிஜமாகவே வயலுக்கு வருகிறார்கள். வடிகால் வெட்டப் பங்காளியிடம்தான் இன்னும் பேசவில்லை.