திருகோணமலையிலிருந்து சமகாலக் கலைக் கண்காட்சிகளுக்கு: எந்த மாதம், எந்த ஊர், எப்படிப் போவது?

அலஸ்தோட்டம் எழுதியது:

வணக்கம். க.பொ.த. உயர்தரத்தில் சித்திரம் எடுக்கும் பன்னிரண்டு பிள்ளைகள், கூடப் போகப் பெரியவர்கள் இரண்டு பேர். இன்றைக்கு வேலை செய்துகொண்டிருக்கிற கலைஞர்களின் படைப்புகளை நேரே காட்ட வேண்டும். திருமலையிலேயே பார்க்கக் கிடைப்பவை குறைவு. கொழும்புக்கு ஒரு தடவைதான் போக முடியும் என்றால் எந்த மாதம் நல்லது? தமிழில் விளக்கம் கிடைக்குமா? மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சின்னதாக ஏதும் ஓவியம் வாங்கினால் பஸ்ஸில் பழுதாகாமல் கொண்டுவருவது எப்படி என்றும் தெரிய வேண்டும்.

மட்கோசந்தி எழுதியது:

மாதத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் எந்தக் கிழமை என்று முடிவெடுங்கள். கொழும்பில் காட்சிக்கூடங்கள் பல திங்களில் பூட்டு, போயா (முழுநிலா விடுமுறை) தினத்தில் அநேகமாக எல்லாமே பூட்டு. அதனால் வெள்ளி இரவு புறப்பட்டு, சனி முழுக்கப் பார்த்து, ஞாயிறு திரும்புவதுதான் வசதி. சனிக்கிழமை போயா விழுகிறதா என்று கலண்டரை ஒருக்கால் பாருங்கள்.

அடித்தளமாக வைக்க வேண்டிய இடம் இலங்கை நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம். 2019 டிசம்பரில் தொடங்கியது, 2022இலிருந்து கொள்ளுப்பிட்டி கிரெஸ்கட் கட்டடத்தில் இருக்கிறது. அனுமதி இலவசம். உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் இங்கேதான்: சுவரிலுள்ள குறிப்புகள் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கும். தமிழில் விளக்கிச் சொல்லவும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் பதினாலு பேர் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றால் அது கிடைக்காது. இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே எழுதி, "உயர்தர மாணவர், தமிழ்மொழி மூலம், இத்தனை பேர், இந்த நேரம்" என்று கேளுங்கள். ஒரு கண்காட்சியை இறக்கி அடுத்ததை ஏற்றும் இடைவெளியில் கூடம் மூடியிருக்கும். திகதி கேட்கும்போதே அதையும் கேட்டுவிடுங்கள்.

இப்போது மாதம். கொழும்புஸ்கோப் கலைவிழா 2013இல் தொடங்கியது. 2022, 2024 ஆண்டுகளில் ஜனவரியில் நடந்தது, கிட்டத்தட்டப் பத்து நாள், நகரின் பல இடங்களில், நுழைவுச் சீட்டு இல்லாமல். அது நடக்கிற வருடமென்றால் யோசிக்கவே வேண்டாம், ஜனவரிதான். கொம்பனித்தெருவில் ரியோ திரையரங்கத் தொகுதி இருக்கிறது. 1983 ஜூலையில் எரிக்கப்பட்ட கட்டடம். ஒன்றுக்கு மேற்பட்ட தடவை இந்த விழா அதையே களமாக எடுத்தது. அப்படியொரு சுவருக்கு முன்னால் ஒரு படைப்பு நிற்கும்போது சுவரும் சேர்ந்து பேசும். அதைப் பிள்ளைகளுக்கு எந்தப் பாடப்புத்தகமும் காட்டாது. விழா இல்லாத வருடத்தில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களுக்குள் வரும் கலாபொல ஞாயிறைக் குறியுங்கள். 1993இலிருந்து நடக்கும் திறந்தவெளி ஓவியச் சந்தை அது. விகாரமாதேவி பூங்காவை ஒட்டிய வீதியோரத்தில் கலைஞர்கள் தங்கள் படங்களோடு உட்கார்ந்திருப்பார்கள். எல்லாமே சமகாலக் கலை என்று சொல்ல மாட்டேன், யானையும் தாமரையும் நிறைய வரும். ஆனால் வரைந்தவரிடமே "இதை எதால் செய்தீர்கள்?" என்று கேட்கலாம்.

திறப்புவிழா மாலைகளைத் தவிருங்கள். ஆட்களின் முதுகைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

சல்லிக்கடல் எழுதியது:

மேலே சொன்னதோடு கொழும்பு வழியைச் சேர்க்கிறேன். இரவு ரயிலுக்கு ஆசனம் முற்பதிவு செய்யுங்கள். கல்லோயா, ஹபரணைப் பக்கம் யானைகள் தண்டவாளம் கடக்கும் பகுதி, அங்கே இரவில் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்டுவார்கள். அதனால் கோட்டைக்குப் பிந்தி வந்து சேர்ந்தாலும் ஆச்சரியமில்லை. காலை பத்து மணிக்கு முன்னால் எந்தச் சந்திப்பும் வைக்காதீர்கள்.

கோட்டை, புறக்கோட்டையிலிருந்து காலி வீதியால் போகும் 100, 101 இலக்க பஸ்கள் கிரெஸ்கட் வாசலைத் தாண்டித்தான் போகும். அங்கே இரண்டரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். பிறகு அதே வீதியில் தெற்கே பெயார்ஃபுட் கூடம், 704ஆம் இலக்கம். அங்கிருந்து ஓட்டோவில் கறுவாத்தோட்டம். ஹோர்ட்டன் பிளேஸில் ஜே.டி.ஏ. பெரேரா கூடமும் சஸ்கியா பெர்னாண்டோ கூடமும். அடுத்த வீதி பார்ன்ஸ் பிளேஸில் சபுமல் மன்றம். ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது, 1943இல் சேர்ந்த நவீன ஓவியர்களான 43 குழுவின் ஓவியங்களை ஓட்டுக்கூரைக்குக் கீழே கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். சமகாலம் இல்லைத்தான், ஆனால் இன்றைய படைப்புக்கு முன்கதை அங்கேதான் தொங்குகிறது. கிழமையில் சில நாள், சில மணித்தியாலம் மட்டுமே திறப்பதால் தொலைபேசியில் உறுதி செய்யாமல் போக வேண்டாம்.

ஒரு நாளில் மூன்று இடம் போதும். நாலாவது கூடத்தில் பிள்ளைகள் படத்தை விட்டுக் கதிரையைத்தான் தேடுவார்கள்.

காணொளிப் படைப்புகளில்தான் நேரக் கணக்குப் பிழைக்கும். சுவர்க் குறிப்பில் பெயர், ஆண்டு, ஊடகம் என்று வந்து, அளவு இருக்க வேண்டிய இடத்தில் "22 நிமிடம்" என்று இருந்தால் அது ஓடும் நேரம். உள்ளே நுழைந்ததும் ஒரு சுற்றுச் சுற்றி இப்படிப்பட்டவற்றைக் கூட்டிப் பாருங்கள். ஒரு மணித்தியாலத்தைத் தாண்டினால் இரண்டைத் தெரிந்து முழுதாகப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் புகுந்து நடுவில் வெளியேறினால் ஒன்றும் மிஞ்சாது. பிள்ளைக்கு ஒரு பென்சில், ஒரு சிறு கொப்பி கொடுங்கள். பேனை வேண்டாம், பல கூடங்களில் அனுமதிக்க மாட்டார்கள். முதுகுப் பையை வாசலிலேயே வைத்துவிடுங்கள். திரும்பும்போது பை இடித்துத்தான், பொருட்களை இடத்தில் அடுக்கி அமைத்த நிறுவல் படைப்புகள் விழுகின்றன.

கல்லடிப்பாலம் எழுதியது:

பணம் மட்டாக இருந்தால் முதலில் மட்டக்களப்புக்கு வாங்கோ. கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை வழியாக ஏ15 வீதி, ஏறத்தாழ 135 கிலோமீற்றர், காலையில் வந்து மாலையில் திரும்பலாம். கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. இறுதியாண்டு மாணவர்களின் கண்காட்சி வரும் காலம்தான் சரியான காலம். கல்வியாண்டு முன்பின்னாகப் போவதால் திகதி வருடத்துக்கு வருடம் மாறும். நிறுவகத்துக்கு நேரே அழைத்துக் கேளுங்கள்.

உயர்தரப் பிள்ளைக்கு இது கொழும்பை விடப் பயனுள்ளது என்பது என் உறுதியான எண்ணம். படைத்தவருக்கு இவர்களை விட நாலைந்து வயதுதான் கூட. மீன்வலை, பழைய சேலை, உரப்பை என்று வீட்டிலிருக்கும் பொருளிலேயே செய்திருப்பார்கள். தமிழிலேயே விளக்கம் சொல்வார்கள். "ஏன் தூரிகையை விட்டு ஊசிநூலை எடுத்தீர்கள்?" என்று கூச்சமில்லாமல் கேட்கலாம்.

யாழ்ப்பாணத்துக்கு ஹொரவப்பொத்தானை, வவுனியா வழி பஸ், பாதி நாள் போய்விடும், ஒரு இரவு தங்க வேண்டும். மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழக வளாகத்தில் கண்காட்சி உண்டா என்று கேட்டு வையுங்கள், நல்லூர்த் திருவிழாக் காலத்தைத் தவிருங்கள், தங்குமிடம் கிடைக்காது. போகுமுன் யாழ்ப்பாணக் கலைஞர் தா. சனாதனனின் வேலைகளைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசுங்கள். அவற்றில் ஒன்றில், இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைகிறார்கள். அதைக் கட்டடக்கலைஞர் அளவோடு மறுபடி வரைகிறார். மூன்றாவதாகச் சனாதனனின் சித்திரம். கிணறு எங்கே, வேம்பு எங்கே என்று ஒரு கோணல் கோடு சொல்லிவிடும். திருமலைப் பிள்ளைக்கு இதற்கு விளக்கமே தேவைப்படாது.

சல்லிக்கடல் எழுதியது:

வாங்கின படத்தைக் கொண்டுவருவது விடுபட்டுப்போச்சு. அக்ரிலிக்கா எண்ணெய் வர்ணமா என்று முதலில் கேளுங்கள். எண்ணெய் வர்ணம் மேலே காய்ந்தாலும் உள்ளே காய மாதக்கணக்காகும், புதிதாக வரைந்ததைச் சுருட்டக்கூடாது. அக்ரிலிக் என்றால் சட்டத்திலிருந்து கழற்றி, வர்ணம் வெளிப்பக்கம் வரும்படி சுருட்டுங்கள். வர்ணம் உள்ளே வரச் சுருட்டினால் படலம் நெரிபட்டு மடிப்புவிழும். சுற்றுவதற்கு நாலு அங்குல பிவிசி குழாய் கணக்கு. ஒரு அங்குலக் குழாயில் இறுக்கிச் சுற்றினால் வெடிப்புவிடும். படத்தின் முகத்தில் கேக் சுடும்போது விரிக்கும் பேக்கிங் கடதாசி, அதற்கு மேலேதான் பொலித்தீன். வெயிலில் நிற்கும் பஸ்ஸின் சூட்டில் அக்ரிலிக் இளகும், பொலித்தீன் நேரே பட்டால் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்த அன்றே அவிழ்த்து மட்டமாகப் போடுங்கள்.

கடதாசியில் உள்ளதைச் சுருட்ட வேண்டாம், இரண்டு மட்டைக்கு நடுவில் வையுங்கள். கண்ணாடி போடும்போது கடதாசி கண்ணாடியைத் தொடாமல் இடைமட்டை வைக்கச் சொல்லுங்கள். மாரியில் நம் ஊர் உப்புக்காற்றின் ஈரம் கண்ணாடியில் படிந்தால் முதலில் பூஞ்சணம் பிடிப்பது அந்தத் தொடுமிடத்தில்தான்.

மட்கோசந்தி எழுதியது:

பெரியவர்கள் இரண்டு பேரும் கேரளத்தில் நடக்கும் சமகாலக் கலைக் கண்காட்சியான கொச்சி பினாலேயையும் மனதில் வையுங்கள். 2012இல் தொடங்கியது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்பது கணக்கு, எப்போதும் அப்படி நடப்பதில்லை, டிசம்பரில் திறந்து மாதக்கணக்காக நடக்கும். முதல் வாரத்துக்கு விமானச்சீட்டு எடுக்காதீர்கள். 2022இல் திறப்பு கடைசி நேரத்தில் 12ஆம் திகதியிலிருந்து 23க்குத் தள்ளிப்போனது, போனவர்கள் பூட்டிய கதவைப் பார்த்தார்கள். பெப்ரவரி நல்லது, எல்லா நிறுவலும் முடிந்திருக்கும். எர்ணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் படகில் போங்கள், பாலத்து நெரிசலில் மாட்ட மாட்டீர்கள். கூடவே நடக்கும் மாணவர் பினாலேக்கு அரை நாள் தனியாக வையுங்கள்.