பழைய பித்தளைச் சரவிளக்கா, பால் கண்ணாடித் தொங்குவிளக்கா? காத்தாடி இருக்கும் வீட்டுக்கு எது சரி?

ஜெலுத்தோங் மீனா:
வணக்கம். பினாங்கு ஜெலுத்தோங்கில் இரண்டு மாடி டேரஸ் வீடு (வரிசை வீடு), சீலிங் உயரம் 10 அடி. ஹால் 12க்கு 16 அடி. அதை ஒட்டினாற்போல் சாப்பாட்டு இடம், மேசை 3 அடி அகலம், 5 அடி நீளம். வீட்டில் எங்கு பார்த்தாலும் வெள்ளை டியூப் லைட், ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கிறது. இரண்டு இடத்துக்காவது பழைய காலத்து விளக்கு போட ஆசை.

மூன்று பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று, ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய சாமான் கடையில் 8 கை உள்ள பித்தளைச் சரவிளக்கு. 32 அங்குல அகலம், 30 அங்குல உயரம், கிறிஸ்டல் தொங்கட்டான்கள் நிறைய. இங்கிலாந்திலிருந்து வந்தது என்கிறார் கடைக்காரர். வீட்டுக்காரர் அதை ஹாலில்தான் மாட்டவேண்டும் என்று நிற்கிறார். இரண்டாவது, சங்கிலியில் தொங்கும் பால் கண்ணாடி உருண்டை, 14 அங்குலம், மேலே பித்தளைப் பிடி. மூன்றாவது, ஜப்பான் பழைய சாமான் கடையில் வண்ணக் கண்ணாடி விளக்கு, மூன்றிலும் விலை குறைவு. ஹால் நடுவில் 60 அங்குல சீலிங் காத்தாடி (மின்விசிறி) இருக்கிறது, அதைக் கழற்றினால் மாமியார் வீட்டை விட்டுப் போய்விடுவார். எதை வாங்கலாம்?

பட்டர்வொர்த் வயர்மேன்:
தங்கச்சி, மாமியார் பக்கம்தான் நான். பினாங்கு வெயிலில் காத்தாடியைக் கழற்றிவிட்டுச் சரவிளக்கு மாட்டியவர்கள் திரும்ப என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே என்றால் கணக்குப் பாருங்கள். ஆள் நடக்கிற இடத்தில் விளக்கின் அடிப்பாகம் தரையிலிருந்து 7 அடிக்குக் கீழே வரக்கூடாது. 10 அடி சீலிங்கில் மிச்சம் 3 அடி, அதில் விளக்கே 30 அங்குலம், சங்கிலிக்கு 6 அங்குலம்தான். அதாவது விளக்கு கிட்டத்தட்ட காத்தாடி இறக்கை மட்டத்தில் நிற்கும். ஒரு பக்கமாகத் தள்ளி மாட்டினாலும் காற்று பட்டுக்கொண்டே இருந்தால் தொங்கட்டான் ஆடும், கம்பிக் கொக்கி தேயும், ஒருநாள் ஒன்று கழன்று விழும். வெளிச்சம் இறக்கைக்கு மேலே இருந்தால் அறை முழுக்க நிழல் வெட்டிவெட்டிப் போகும், அதைப் பார்த்தாலே தலைவலி.

அப்புறம் எடை. காத்தாடிக் கொக்கியில் மாட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எதில் பதித்த கொக்கி என்று முதலில் பார்க்கவேண்டும். பிளாஸ்டர் சீலிங் எதையும் தாங்காது, கான்கிரீட்டில் போய்ப் பிடிக்கவேண்டும். விளக்குகளுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60598இல், தொங்கவிடும் அமைப்பு விளக்கு எடையைப் போல 4 மடங்கைத் தாங்குகிறதா என்று சோதிக்கச் சொல்லியிருக்கிறது. கடைக்காரரிடம் எடை என்ன என்று கேட்டீர்களா?

கேஎல் பழசுப் பிரியன்:
இங்கிலாந்து என்றால் பல்பு ஹோல்டரைப் பாருங்கள் அக்கா. பிரிட்டிஷ் விளக்குகளில் பல்பைத் தள்ளித் திருப்பும் ஊசி மாடல்தான் வழக்கம். பெரிய பல்புக்கு பி22, சரவிளக்கின் கைகளில் பெரும்பாலும் சின்ன பி15. திருகு மாடல் ஈ14 என்றால் ஐரோப்பாவின் மற்ற நாடுகள், ஈ12 என்றால் அமெரிக்கா. பின்னால் யாராவது மாற்றியிருக்கலாம், அதனால் இது ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டவேண்டாம். கூடவே ஒரு காந்தம் கொண்டு போங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது. நடுத்தண்டில் ஒட்டினால் கவலைப்படவேண்டாம், உள்ளே இரும்புக் குழாய் இருப்பது சகஜம். கைகளில் ஒட்டினால் அது முலாம். கடல் காற்றில் முலாம் உரிந்து துருப் பிடித்துவிடும். தொங்கட்டானைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், கண்ணாடி சில்லென்று இருக்கும், அக்ரிலிக் அப்படி இருக்காது, கையில் எடுத்தாலும் லேசு.

அளவுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. அறையின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் கூட்டினால் வருகிற எண்தான் விளக்கின் அகலம், அங்குலத்தில். உங்கள் ஹாலுக்கு 28. 32 கொஞ்சம் அதிகம்தான். எனக்கு அந்தக் கணக்கில் பெரிய நம்பிக்கை இல்லை, சீலிங் உயரத்தை அது பார்ப்பதே இல்லை.

ஆயர் ஈத்தாம் ஆண்டி:
பித்தளை வாங்கினால் தயவுசெய்து குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பழசின் அழகே அந்த மங்கல் நிறம், அது போய்விடும். புளித்தண்ணீர் ஹோல்டருக்குள் இறங்கினால் இன்னும் வம்பு. மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு, ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து துடைத்தால் போதும். 8 கை, அத்தனை தொங்கட்டான், யார் துடைப்பது என்று வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்!

ஜெலுத்தோங் மீனா:
ஆண்டி, அவரிடம் கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார் 😄 இன்று காந்தத்தோடு போனோம். கைகள் எல்லாவற்றிலும் ஒட்டுகிறது. ஹோல்டர் திருகு மாடல், ஈ14, புது வெள்ளை பிளாஸ்டிக். எடை தெரியாதாம், கடையில் எரிய வைத்துக் காட்டினார், எல்லாப் பல்பும் நன்றாகத்தான் எரிந்தது. ஜப்பான் விளக்கை இன்னும் விடவில்லை, அதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

பட்டர்வொர்த் வயர்மேன்:
எரிகிறது என்பது பாதிச் சோதனைதான். கடையில் இரண்டு வயரில் எரிய வைப்பார்கள், எர்த் இருக்காது. உள்ளே வயர் உறை வெடித்து மின்சாரம் உலோகத்துக்குக் கசிந்தாலும் பல்பு எரியத்தான் செய்யும். வீட்டில் எர்த்தோடு மாட்டினால், கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் இஎல்சிபி சுவிட்ச் விழுந்துவிடும், அப்போது விளக்குதான் கோளாறு என்று தெரியும். எர்த் கொடுக்காமல் மாட்டினால் எதுவும் விழாது, விளக்கைத் துடைக்கத் தொடுகிறவர்தான் விழுவார். பழைய துணி உறை வயருக்குள் இருக்கும் ரப்பர் காய்ந்து, விரலால் வளைத்தாலே உதிரும். எந்தப் பழைய விளக்காக இருந்தாலும் முழுக்க வயர் மாற்றுங்கள், பச்சை எர்த் வயர் சேர்த்து மூன்று வயர். மாட்டுவதற்கு முன் மெகர் என்ற இன்சுலேஷன் சோதிக்கும் கருவியை வைத்து 500 வோல்ட்டில் இன்சுலேஷன் பார்க்கவேண்டும், 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் மாட்டவே கூடாது. சுருஹான்ஜாயா தெனாகா (மலேசிய எரிசக்தி ஆணையம்) பதிவுள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

ஜப்பானில் கரண்ட் 100 வோல்ட், நமக்கு 230. அந்தப் பல்பை இங்கே போட்டால் அடுத்த நிமிடமே போய்விடும். விளக்கில் சின்ன திருகு ஹோல்டர் என்றால் ஈ17 ஆக இருக்கும், அதற்கு 230 வோல்ட் பல்பு தேடி அலையவேண்டும். பெரியது ஈ26, நம் ஈ27 பல்பு அதில் ஏறிவிடும், ஆனால் அந்த ஹோல்டரும் வயரும் 100 வோல்ட்டுக்குச் செய்தவை. இரண்டையும் மாற்றினால்தான் சரி. உள்ளே டிரான்ஸ்ஃபார்மரோ பேலஸ்ட்டோ (டியூப் லைட் சோக்) இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேஎல் பழசுப் பிரியன்:
காந்தம் ஒட்டிய பிறகும் ‘இங்கிலாந்துப் பித்தளை’ விலை கொடுக்கவேண்டாம் அக்கா. என் கட்சி பால் கண்ணாடி. பழைய பங்களா, பள்ளிக்கூடங்களில் தொங்கிய விளக்கு அதுதான், இந்த ஊருக்குப் பொருத்தம், துடைப்பதும் சுலபம். மேசைக்கு மேல் மாட்டுங்கள், அங்கே யாரும் நடக்கப் போவதில்லை. மேசை அகலத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை இருக்கலாம் என்பார்கள், உங்களுக்கு 18 முதல் 24. 14 அந்தக் கணக்குக்குச் சிறியதுதான், ஆனால் உருண்டை முழுவதும் ஒளி விடுவதால் குறை தெரியாது. மேசைப் பரப்பிலிருந்து 30 முதல் 36 அங்குலம் மேலே அடிப்பாகம் நிற்கட்டும். பல்பு மஞ்சள் வெளிச்சம் தரும் 2700 கெல்வின் எல்இடி வாங்குங்கள். பழக்கதோஷத்தில் வெள்ளை வெளிச்சம் தரும் 6500 டேலைட் போட்டால் திரும்ப ஆஸ்பத்திரி வராந்தாதான்.

ஜெலுத்தோங் மீனா:
சரி, பால் கண்ணாடி என்று முடிவு. வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார், அது போகட்டும். மேசை 30 அங்குலம், அதற்கு மேல் 32 விட்டால், சங்கிலியும் விளக்கும் சேர்த்து 58 அங்குலம் வரும், சரிதானே? இன்னொன்று, கண்ணாடியின் கழுத்தைப் பிடிக்கும் மூன்று திருகில் ஒன்று இல்லை. கழுத்து விளிம்பில் நகக்கணு அளவு சில்லு போயிருக்கிறது. வாங்கலாமா?

பட்டர்வொர்த் வயர்மேன்:
58 சரி. பித்தளைப் பிடிக்கும் எர்த் மறக்காதீர்கள். சில்லு பிடிக்குள் மறைகிற இடத்தில் இருந்து, அதிலிருந்து கோடு எதுவும் ஓடவில்லை என்றால் வாங்கலாம், விலையில் மட்டும் விடாதீர்கள். விரல் நகத்தால் கண்ணாடியைச் சுற்றிலும் தட்டிப் பாருங்கள், எங்காவது அடைத்த சத்தம் வந்தால் விரிசல். இல்லாத திருகுக்கு இரும்பு வேண்டாம், பித்தளையிலேயே அதே மரை பார்த்து வாங்குங்கள். சில்லு இருக்கும் பக்கம் எந்தத் திருகும் வராதபடி கண்ணாடியைத் திருப்பி வைத்து, மூன்றையும் மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கவேண்டும். கடைசிவரை இறுக்காதீர்கள், கண்ணாடி லேசாக அசைகிற அளவுக்கு விடுங்கள். பல்பு சூட்டில் விரிவதற்கு இடம் வேண்டும். எல்இடி போட்டால் சூடு குறைவுதான், ஆனாலும் நாளைக்கு யாராவது பழைய 100 வாட் பல்பை மாட்டிவிடுவார்கள்.