வட்டார அருங்காட்சியகங்கள், பழைய வீடுகள்: போய் வந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். உள்ளூர் வரலாற்று அருங்காட்சியகங்களுக்கும் பழமையான வீடுகளுக்கும் ஒரு பயணப் பட்டியல் தயாராகிறது. இணையத்தில் இருக்கும் நேரத்தை மட்டும் நம்ப முடியாது. சிறிய இடங்கள் பலவற்றைத் தன்னார்வலர்கள்தான் திறக்கிறார்கள், ஆள் வராவிட்டால் பூட்டுதான். எந்தக் கிழமை, கடைசி நுழைவு எத்தனை மணிக்கு, வழிகாட்டியோடுதான் விடுவார்களென்றால் சுற்றுக்கு எத்தனை பேர், சொல்லுங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். துணி, நீர்வண்ண ஓவியம், கையெழுத்துப் பிரதி உள்ள அறைகளில் வெளிச்சத்தை 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் குறைத்திருப்பார்கள்; வெளிச்சம் பட்டு வெளுத்த சாயம் திரும்பாது, செய்வது சரிதான். ஆனால் வெயிலிலிருந்து நுழைந்ததும் கண் பழகச் சில நிமிடமாகும். அந்த இருட்டில் உயரமான நிலைப்படியோ, கைப்பிடியில்லாத செங்குத்துப் படிக்கட்டோ இருந்தால் எந்த அறையில் என்று குறிப்பிடுங்கள். முதியவர்களும் வருகிறார்கள்.