ரேவாரி ஷெட்: இன்னும் நெருப்பு மூட்டும் இடம்

தில்லி சாணக்யபுரியில் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்தை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். அங்கே நிற்கும் பழைய இன்ஜின்களில் பெரும்பாலானவை பெயின்ட் பூசிய இரும்பு, அவ்வளவுதான். நீராவி இன்ஜின் என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால் அரியானாவில் இருக்கும் ரேவாரி நீராவி ஷெட்டுக்கு, அதாவது இன்ஜின்களை நிறுத்திப் பராமரிக்கும் கொட்டகைக்குப் போங்கள். தில்லியிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். ஒரே நிபந்தனை, இன்ஜினில் நெருப்பு இருக்கும் நாளாக விசாரித்துக்கொண்டு போக வேண்டும். நெருப்பில்லாத நாளில் அதுவும் இன்னொரு அருங்காட்சியகம்தான்.

1873-ல் தில்லியிலிருந்து ரேவாரிக்கு வந்த பாதை இந்தியாவின் முதல் மீட்டர் கேஜ் பாதைகளில் ஒன்று. செலவைக் குறைக்கக் குறுகலான தண்டவாளம் போதும் என்று வைஸ்ராய் மேயோ பிரபு காலத்தில் முடிவெடுத்தார்கள். மெட்ரிக் அளவு சீக்கிரமே நாட்டுக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் அகலத்தைச் சரியாக ஒரு மீட்டர் என்று வைத்தார்கள். மெட்ரிக் வந்தது என்னவோ 1950களின் கடைசியில்தான்! ரேவாரி பெரிய மீட்டர் கேஜ் சந்திப்பாக வளர்ந்து, 1893-ல் இந்த ஷெட் கட்டப்பட்டது. நூறு வருடம் ஓய்வில்லாத வேலை. 1990களில் பிராட் கேஜ் என்ற அகலப் பாதைக்கான மாற்றமும் டீசலும் சேர்ந்து வந்தபோது ஷெட்டுக்கு வேலை இல்லாமல் போனது. பாழடைந்து கிடந்ததை 2002-ல் மீட்டெடுத்து, 2010-ல் அருங்காட்சியகமாக ஆக்கினார்கள்.

நான் போன அன்று 'அக்பர்' தயாராகிக்கொண்டிருந்தது. 1965-ல் சித்தரஞ்சனில் செய்த டபிள்யூபி வகை, எண் 7161. மூக்கில் நட்சத்திரம் வைத்து, துப்பாக்கிக் குண்டு போல முன்பக்கம் குவிந்திருக்கும். ஒரு காலத்தில் மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளை இழுத்ததெல்லாம் இந்த ஜாதிதான். பக்கத்தில் நின்ற 'ஆசாத்' அதற்கு அண்ணன், 1947-ல் அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனியிலிருந்து வந்தது.

ஊழியர் ஒருவரிடம் எத்தனை மணிக்கு நெருப்பு வைத்தீர்கள் என்று கேட்டேன். முந்தைய நாளே என்றார். குளிர்ந்த பாய்லரை அவசரமாகச் சூடாக்கக் கூடாதாம். ஓரிடம் முன்னால் விரிந்து, இன்னோரிடம் பின்னால் விரிந்தால் குழாய்களின் மூட்டு கசிய ஆரம்பித்துவிடும். மெதுவாக ஏற்றி, சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு அழுத்தம் வரை கொண்டுபோக வேண்டும். டீசல் டிரைவர் சாவியைத் திருப்புவது போல இதில் எதுவும் கிடையாது.

அங்கேதான் மதுரைப் பக்கம், இன்ஜினில் கரி அள்ளிப் போடும் பயர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரைச் சந்தித்தேன். யாத்திரை வந்த இடத்தில், மகனை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அக்பரை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக மீட்டர் கேஜ் இன்ஜின்கள் நிற்கும் பக்கம் போய் ஒரு ஒய்ஜி முன்னால் நின்றுவிட்டார்.

"எங்க ஷெட்லயும் இதேதான் தம்பி. கூட்ஸுக்கு ஒய்ஜி, பாசஞ்சருக்கு ஒய்பி."

"கஷ்டமான வேலைதானே ஐயா?"

"கஷ்டம் கரி அள்ளுறதுல இல்ல. எங்க போடுறோம்கிறதுலதான். நடுவுல மெலிசா, ஓரத்துலயும் பின்பக்கமும் கொஞ்சம் கனமா விழணும். ஒரே இடத்துல குவிச்சா காத்து போகாது, நெருப்பு செத்துப்போகும்."

அந்த நேரம் பார்த்து அக்பர் கருகருவென்று புகையைக் கக்க, கேமராவோடு வந்திருந்த கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் ஓடியது. பெரியவர் முகம் சுளித்தார். "இப்படிப் புகை விட்டா எங்க டிரைவர் கரண்டியாலயே அடிக்க வருவார். அம்புட்டும் எரியாத கரி. வெளிய போறது காசு தம்பி, காசு!"

அதற்கப்புறம் எந்த நீராவி இன்ஜின் படத்தைப் பார்த்தாலும் எனக்குப் புகையின் நிறம்தான் முதலில் கண்ணில் படுகிறது.

பாய்லரில் தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். நெருப்புப் பெட்டியின் கூரைக்கு மேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும், அது வற்றினால் இரும்பு பழுத்து, பாய்லர் வெடித்துவிடும் என்றார். அதற்குக் காவலாகக் கூரையில் ஈயம் அடைத்த ஒரு திருகு இருக்கும். அளவு மீறிச் சூடானால் ஈயம் உருகி, நீராவி நெருப்புக்குள் பீய்ச்சி எச்சரிக்கும். ஈயத்தை உருகவிட்டால் அந்த டிரைவருக்கும் பயர்மேனுக்கும் விசாரணை நிச்சயம். அதனால் கரியைவிட அதிகம் பார்த்துக்கொண்டிருந்தது பாய்லரின் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கேஜ் கிளாஸைத்தான் என்றார். பெரியவருக்கு இந்தி தெரியாது, ஷெட் ஊழியருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இன்ஜெக்டர், ரெகுலேட்டர் என்று இருவரும் கையை ஆட்டி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மகன் ரயிலுக்கு நேரமாச்சு என்று கத்திக்கொண்டே இருந்தார்.

'ஃபேரி குயின்' இன்ஜினைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சென்னைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸில் செய்தது. 1909-ல் ஓய்வு பெற்று, 1997-ல் மறுபடியும் தண்டவாளம் ஏறி, உலகில் ஓட்டத்தில் இருக்கும் மிகப் பழைய இன்ஜின் என்று அடுத்த ஆண்டு கின்னஸில் இடம் பிடித்தது. பிற்பாடு அதன் பாகங்கள் களவு போனபோது, சீராக்கி ஓட வைத்தது நம் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். அதன் பிறகு தில்லி கண்டோன்மென்ட்டிலிருந்து ரேவாரிக்கும் அது ஓடியிருக்கிறது.

போகிறவர்கள் வெள்ளைச் சட்டை போட வேண்டாம். கரித்தூள் கண்ணில் விழும், கண்ணாடி இருந்தால் நல்லது. சின்னப் பிள்ளைகளை ஊதல் பக்கத்தில் நிறுத்தாதீர்கள், திடீரென்று ஊதினால் பெரியவர்களே துள்ளுகிறார்கள். மதுரை, திருச்சி, விழுப்புரம் ஷெட்களில் வேலை பார்த்த தாத்தா யாராவது வீட்டில் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே வைத்திருக்கும் விளக்கப் பலகைகளைப் படிக்க வேண்டிய அவசியமே இருக்காது.