மறு: அடி பருத்த கொடிக்கு ஒரு சொல்

நண்பர்களே,

வெள்ளிக்கிழமை பாடம் அச்சுக்குப் போகிறது. சில கொடிகளின் அடியில் நீரைச் சேமிக்கும் பருத்த பகுதிக்கு, அதாவது காடெக்ஸுக்கு, தமிழில் என்ன பெயர் என்பது இன்னும் முடிவாகவில்லை. அதனால் விட்டுப்போன இழைகளை ஒரே மடலில் பிடிக்கிறேன்.

> கிழங்குக்கொடி போதாதா? எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். கிழங்கென்றால் பிள்ளைகள் மண்ணைத் தோண்டத்தான் நினைப்பார்கள். தென்னாப்பிரிக்காவின் யானைப்பாதக் கொடிக்கோ பருத்த பகுதி பெரும்பாலும் தரைக்கு மேலே, ஆமை ஓடு மாதிரி கட்டம் கட்டமாக வெடித்துக் கிடக்கிறது. வறண்ட கோடையில் கொடி காய்ந்து உதிர, இந்த உருண்டை மட்டும் நீரையும் மாவுச்சத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், பருவம் வந்ததும் மறுபடி கொடி விடும்.

அது நம் பெருவள்ளியின் பேரினமான டயஸ்கோரியாதான் என்பதால் உங்களில் ஒருவர் சொன்ன 'அடிவள்ளி' எனக்கும் பிடித்தது. ஆனால் அதே பக்கத்தில் வரும் அடீனியா பேஷன் பழக் குடும்பம், மெக்சிகோவின் இபர்வில்லியா பூசணிக் குடும்பம். இவற்றையும் வள்ளி என்றால் உறவே குழம்பிவிடும்.

> தண்டு என்றே வையுங்கள்.

ஃபோக்கியா எடுலிஸ் என்ற கொடியில் பருப்பது வேர். தண்டா வேரா என்று தீர்ப்புச் சொல்லாத பெயர்தான் வேண்டும்.

> பருவடிக்கொடி. உடம்படுமெய் சரியாக வருகிறது.

வருகிறது ஐயா. ஆனால் வகுப்பில் அதைப் பரு, வடி என்று பிரித்துச் சீழ் வடிவதாகப் படிப்பார்கள்.

என் கட்சி பராரை. பரு + அரை, பருத்த அடிமரம். திருமுருகாற்றுப்படையில் மராமரத்துக்கு வருகிற சொல், நாம் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. லத்தீன் காடெக்ஸும் அடிமரம்தானே. அதே சொல்தான் பலகைகளைக் கோத்த சுவடிக்குக் கோடெக்ஸ் ஆனது. அங்கே மரம் நூலானது, இங்கே ஓலை மடலானது, அந்த மடலில்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். சரி, இதை வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.

பராரி என்று வாசித்துவிடுவார்கள் என்ற அச்சம் நியாயம்தான். ஒருமுறை படத்தோடு பார்த்தால் தீர்ந்துவிடும். 'அடி பருத்த கொடி' வருணனை, பெயரில்லை. "இதன் ______ நீரைச் சேமிக்கிறது" என்ற கோடிட்ட இடத்தில் அதை வைத்து எதை நிரப்புவது? பராரை என்றால் பராரைக்கொடி, பராரைத் தாவரம், பராரைத் திசு என்று கிளைக்கும்.

பெரும்பான்மை வருணனைப் பக்கம் இருக்கிறது. பாடத்தில் அதையே எழுதுங்கள், தடுக்கவில்லை. உறுப்பின் பெயராகப் பராரையைக் கலைச்சொல் பட்டியலில் சேர்த்தே ஆக வேண்டும்.

---

மறு: மறு: அடி பருத்த கொடிக்கு ஒரு சொல்

ஐயா, அரை என்றால் பாதி என்றுதான் என் மாணவர்கள் சொல்வார்கள். மூன்று பிரிவுக்கும் நான்தான் நின்று விளக்க வேண்டும். 'தூர்' போதும், மரத்தின் தூர் என்றால் யாருக்கும் தெரியும். கிணற்றில் வாருவதும் தூர்தான் என்று மறுபடி ஆரம்பிக்க வேண்டாம். பட்டியலில் இரண்டையும் போடுங்கள், தூர் முதலில்.