அப்பா பெயரில் வீடும் நஞ்சையும்: உயிலா, செட்டில்மெண்டா?

காவிரிக்கரை:
அப்பாவுக்கு 72 வயது, அம்மாவுக்கு 66. கும்பகோணம் பக்கம் அப்பா சுயசம்பாத்தியத்தில் வாங்கிய வீடு, வழிகாட்டி மதிப்புப்படி சுமார் 60 லட்சம். ஒன்றரை ஏக்கர் நஞ்சை தாத்தா 1958-ல் கிரயம் வாங்கியது. அவர் 1984-ல் உயில் எழுதாமல் காலமானார், பாட்டியும் இல்லை. பட்டா அப்பா பெயரில் இருக்கிறது. வங்கி டெபாசிட்டுகளுக்கு நாமினி நான். தங்கை கனடா குடியுரிமை வாங்கி அங்கேயே இருக்கிறாள். அம்மா கடைசிவரை அந்த வீட்டில் இருக்க வேண்டும், பிறகு எங்கள் இருவருக்கும் சமமாக என்பது அப்பாவின் விருப்பம். இப்போதே செட்டில்மெண்ட் (உயிரோடிருக்கும்போதே குடும்பத்தாருக்குச் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்) செய்வதா, உயில் போதுமா? டெபாசிட்டுக்கு நாமினி இருப்பதால் கவலை இல்லைதானே?

மூலப்பத்திரம்:
வீட்டுக்கு உயில்தான் என் யோசனை. செட்டில்மெண்ட் பதிவானதும் உரிமை கைமாறிவிடும். அப்பா மனம் மாறினாலும் தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது. உயிலை அவர் இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செலவும் பாருங்கள்: பெற்றோர் பிள்ளைகளுக்கு எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000, பதிவுக்கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. 60 லட்சம் வீட்டுக்கு மொத்தம் 50,000 ரூபாய். உயிலுக்கு முத்திரைத்தாளே வேண்டாம், வெள்ளைத்தாள் போதும்.

செட்டில்மெண்ட்தான் என்று முடிவெடுத்தால் இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். அப்பா, அம்மா இருவருக்கும் ஆயுள்கால அனுபவ பாத்தியதை, அதாவது உயிருள்ளவரை அந்த வீட்டில் இருந்து அனுபவிக்கும் உரிமை, ஒன்று. பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இன்னொன்று. மூத்த குடிமக்கள் சட்டம் 2007, பிரிவு 23-ன்படி கோட்டாட்சியரிடம் போய்ப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்கு அந்த நிபந்தனைதான் பிடிமானம். அது எழுத்தில் இல்லாமல் வயதானவர்கள் அலையும் வழக்குகள் நெஞ்சை அறுக்கின்றன.

உயிலில் அம்மாவின் ஆயுள்கால உரிமையை எழுதும் விதத்திலும் கவனம் தேவை. ‘ஜீவனாம்சத்துக்காக’ என்ற சொல் வந்துவிட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டம் 14(1)-ன்படி அது முழு உரிமையாகிவிட்டது என்று வாதாட இடம் உண்டு. 1977-ல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதைத்தான். இந்த ஒரு பத்தியையாவது வழக்கறிஞரை வைத்து எழுதுங்கள்.

வரப்பு:
நஞ்சையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! அங்கேதான் பெரிய சிக்கல். உங்களுக்கு அத்தைகள் உண்டா?

தாத்தா கிரயம் வாங்கியது அவருடைய தனிச்சொத்து. அவர் உயிலில்லாமல் 1984-ல் காலமானபோது மகன், மகள், மனைவி எல்லோரும் சம வாரிசுகள். மகள்களுக்குப் பங்கு தந்த 1989 தமிழ்நாட்டுத் திருத்தம், 2005 மத்தியத் திருத்தம் என்று பேசுவதெல்லாம் கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்துக்கு. தனிச்சொத்தில் மகளுக்கு 1956 முதலே பங்கு உண்டு. ஆக அப்பாவும் இரண்டு அத்தைகளும் என்றால், பாட்டியின் பங்கும் அவர்களுக்கே சேர்ந்து, ஒன்றரை ஏக்கரான 150 சென்டில் அப்பாவுக்கு 50 சென்ட்தான். பட்டா வருவாய்த்துறைப் பதிவு மட்டுமே, அதனால் அத்தைகளின் உரிமை போய்விடாது. அப்பா 150 சென்டையும் உயிலில் எழுதினாலும் 50-க்கு மேல் செல்லாது.

அத்தைகள் விட்டுக்கொடுக்கச் சம்மதித்தால் இப்போதே விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று கையெழுத்துகள் பெருகும். வெளிநாட்டில் இருப்பவரிடம் தூதரகம் வழியாகப் பவர் (அதிகாரப் பத்திரம்) வாங்க வேண்டியிருக்கும். சம்மதம் இல்லையென்றால் பாகப்பிரிவினை செய்து, அப்பாவின் 50 சென்டைத் தனியாக அளந்து உட்பிரிவு வாங்குங்கள்.

தங்கைக்கு நஞ்சையைச் செட்டில்மெண்ட் செய்யவே கூடாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலத்தை விலைக்கோ தானமாகவோ வாங்க அந்நியச் செலாவணி விதிகளில் இடமில்லை. வாரிசாக அடையலாம். அதனால் நஞ்சைக்கும் உயில்தான் வழி.

காவிரிக்கரை:
இரண்டு அத்தைகள் இருக்கிறார்கள். இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. உயிலுக்குச் சாட்சியாக நானும் என் மனைவியும் போடலாமா?

சாட்சிக்கையெழுத்து:
வேண்டாம். பலன் பெறுபவரும் அவர் குடும்பமும் உயில் எழுதும் வேலையில் முன்னால் நின்றால், பின்னாளில் நீதிமன்றம் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். அப்பாவைவிட வயதில் இளையவர்களாக, ஊரிலேயே இருக்கிற இரண்டு பேரைப் பிடியுங்கள். அப்பாவின் காலத்துக்குப் பிறகு உயிலை நிரூபிக்க, உயிரோடிருக்கும் சாட்சி ஒருவராவது கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். பதிவு செய்த உயிலுக்கும் இதே விதிதான். குடும்ப மருத்துவர் ஒரு சாட்சியாக இருந்தால் அப்பாவின் மனத்தெளிவுக்கும் அது ஆதாரம்.

சாட்சிகளுக்குப் பலன் எதுவும் எழுத வேண்டாம். அப்பா ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடட்டும். கடைசியில் இப்படி ஒரு வரி இருக்க வேண்டும்: ‘மேற்படி உயிலை எழுதியவர் எங்கள் முன்னிலையில் கையெழுத்திட, நாங்களும் அவர் முன்னிலையில் சாட்சிக் கையெழுத்திட்டோம்.’ இதில் ‘அவர் முன்னிலையில்’ என்பதுதான் உயிர். சாட்சி தன் வீட்டில் உட்கார்ந்து பிறகு போட்ட கையெழுத்தால் உயில் செல்லாமல் போகும். அடித்தல் திருத்தல் இருந்தால் அந்த இடத்திலும் மூவரும் கையெழுத்திடுங்கள். அதைவிடப் புதிதாக அச்செடுப்பது நல்லது.

பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுங்கள். வில்லங்கச் சான்றில் உயில் வராது, அப்பா இருக்கும்வரை வேறு யாரும் நகல் வாங்கவும் முடியாது. சர்வே எண், நான்கு எல்லை, பத்திர எண் மூலப்பத்திரத்தில் உள்ளபடியே இருக்கட்டும். ‘இதில் குறிப்பிடாத, இனி நான் அடையும் சொத்துகள் அனைத்தும்’ என்று ஒரு பத்தி சேர்க்காவிட்டால், நாளை வாங்கும் ஒரு மனைகூட உயிலுக்கு வெளியே நிற்கும்.

டெபாசிட் விஷயத்தில் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். நாமினி பணத்தைக் கையில் வாங்குபவர்தான், உடைமையாளர் அல்ல. உயில் இல்லையென்றால் அந்தப் பணம் அம்மா, நீங்கள், தங்கை மூவருக்கும் சமம். வங்கி உங்களிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும், கணக்குச் சொல்ல வேண்டியது நீங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை சதவீதம் போட்டு நியமிக்கலாம். உயிலில் உள்ள அதே விகிதத்தை அங்கேயும் போட்டுவிட்டால் சச்சரவு இல்லை. அம்மா பெயரில் நகை, டெபாசிட் இருந்தால் அவருக்கும் தனி உயில் வேண்டும்.

வரப்பு:
ஒன்று விட்டுப்போனது. அப்பா உங்களுக்குப் பொது அதிகாரப் பத்திரம் கொடுத்திருந்தால் அது அவர் உயிரோடிருக்கும்வரைதான். அவர் காலமான மறுநாள் அதை வைத்துக் கிரயம் எழுதினால் அந்தக் கிரயம் செல்லாது.

காவிரிக்கரை:
நன்றி ஐயா. இந்த வாரமே அத்தைகளிடம் பேசச் சொல்கிறேன்; 1958 கிரயப்பத்திரத்துக்கு நகல் மனுவும் போடுகிறேன்.