ஃபெரி துறை வாசலில் தினமும் நெரிசல், சாலையை அகலப்படுத்தச் சொல்லி மனு போடலாமா?

கரைக்காகம்:
கார், லாரி ஏற்றும் ஃபெரி துறைக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறேன். ஒவ்வொரு ஃபெரியும் கிளம்புவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வரிசை எங்கள் முக்கு வரை வந்துவிடுகிறது, வீட்டு வாசலிலிருந்து வண்டியை எடுக்கவே முடியாது, போன வாரம் ஆம்புலன்ஸ் ஒன்று எதிர்த்தடத்தில் ஏறித்தான் போனது. நாலு வழிச் சாலை கேட்டு மனு கொடுக்கலாம் என்கிறார்கள். பிரயோஜனம் உண்டா?

நங்கூரம்:
ஒரு வரிசை இரண்டாகும், அவ்வளவுதான். வண்டிகள் நிற்க உள்ளே இடம் இல்லை, அதுதான் பிரச்சினை. இடைவெளியோடு சேர்த்து ஒரு காருக்கு 6, 7 மீட்டர் வேண்டும், அப்படியென்றால் 100 கார் ஒற்றை வரிசையில் நின்றாலே 600 மீட்டருக்கு மேல் போய்விடும். சியாட்டிலின் ஃபான்ட்லராய் துறையிலும் இதே கதை, ஃபெரி 124 கார் கொள்ளும், துறைக்குள் நிற்க இடம் ஏறக்குறைய 80க்குத்தான், மீதி தெருவில்.

நெடுவழி:
லாரி ஓட்டுகிறேன். இங்கிலாந்தில் டோவரில் கூட்டம் கூடினால் லாரிகளை ஊருக்கு வெளியே ஏ20 சாலையின் இடது தடத்தில் சிக்னல் போட்டு நிறுத்திவைத்து, துறையில் இடம் காலியாகக் காலியாக விடுவார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் எங்கே நிறுத்தினாலும் அங்கே கழிப்பறை வையுங்கள் ஐயா. ஒரு துறையில் நான் மூன்று மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பட்ட பாட்டை எழுத முடியாது.

உப்புக்காற்று:
வெறுமனே நிறுத்தினால் போதாது, வரிசை எண்ணும் வேண்டும், இல்லையென்றால் குறுக்கே நுழைகிறவனால் சண்டைதான் வரும். வாஷிங்டன் மாநிலத்தின் கிங்ஸ்டனில் கூட்ட நாட்களில் ஊருக்கு வெளியிலேயே போர்டிங் பாஸ் கொடுக்கிறார்கள். அங்கே வரிசை தாண்டினால் அபராதம், அதோடு வரிசைக் கடைசிக்கும் போக வேண்டும்.

நங்கூரம்:
அப்புறம், இறங்கும் வண்டிகளை எல்லோரும் மறந்துவிடுகிறோம். அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்து முதல் சிக்னலில் முட்டும். அந்தப் பத்து நிமிடம் மட்டும் பச்சையை நீட்டித்தால் பாதி பாரம் குறையும்.

கரைக்காகம்:
நேற்று மாலை கடிகாரத்தோடு போய் நின்றேன். டிக்கெட் கூண்டில் ஒரு காருக்கு 40 நொடி, அதாவது மணிக்கு 90 கார். கூண்டு இரண்டு இருக்கிறது, திறந்திருந்தது ஒன்றுதான். சரி, மனுவில் நாலு வழியை அடித்துவிட்டு முதலில் இதை எழுதுகிறேன்.